ஸ்க்ராப் இல்ல தம்பி... ரீவொர்க்!

தாம்பரம் தாண்டினதும் செங்கல்பட்டு லோக்கல் ட்ரெயின் முகமே மாறிடும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரின்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். பொத்தேரி வந்தா காலேஜ் கும்பல் மொத்தமும் காலி. அதுக்கப்புறம் மிச்சம் இருக்கிறவங்க தோள்லயும் பேக் தொங்கும். ஆனா அதுக்குள்ள ரெக்கார்ட் நோட் இருக்காது. டிபன் பாக்ஸ், சேஃப்டி ஷூ, கம்பெனி ஐ.டி. கார்டு. காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், அடுத்து நம்ம ஊர். சிங்கப்பெருமாள் கோவில்.

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் சுமார் 50 கி.மீ. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் சேர்ந்த ஊர். முன்னாடியெல்லாம் பஸ்ஸில் போறவங்க இந்தப் பேரைக் கேட்டதும் கோயிலை நினைச்சு கன்னத்துல போட்டுக்குவாங்க. இப்போ முதல்ல ஞாபகம் வர்றது ஒரகடம் கூட்ரோடு. இங்கேயிருந்து பிரியுற ரோடு ஆப்பூர், ஒரகடம், வல்லம் வழியா ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் சுமார் 25 கி.மீ. ஓடுது. ராமானுஜர் பிறந்த ஊருக்கும் நரசிம்மர் ஊருக்கும் நடுவில் கார், லாரி, பைக், டயர்னு ஒரு தனி உலகம்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்துச்சு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். 2012-ல் டைம்லரின் பாரத் பென்ஸ் லாரி. 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொரு கம்பெனிக்கும் பின்னாடி உதிரி பாகம் செய்யுற சின்னக் கம்பெனிகள் வரிசையா வந்தன. அந்தக் கம்பெனிகளுக்கு ஆள் வேணும். ஆளுக்கு ரூம் வேணும். ரூமுக்கு மெஸ் வேணும். சிங்கப்பெருமாள் கோவில் இப்படித்தான் பேச்சிலர்களின் ஊராச்சு.

விடியற்காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நின்னு பாருங்க. நீலச் சட்டை ஒரு வரிசை, சாம்பல் சட்டை ஒரு வரிசை, கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும். டீக்கடையில் தமிழோட இந்தி, ஒடியா, பெங்காலி எல்லாம் கலந்து ஒலிக்கும். அந்த வரிசையில் டிப்ளமோ முடிச்சவங்க, ஐ.டி.ஐ. முடிச்சவங்க மட்டும் இல்லை. பி.இ. முடிச்சவங்களும் நிறைய. அவங்கள்ல சிலர் பேக்கைத் திறந்தா டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அட்டை கிழிஞ்ச ஒரு புக் இருக்கும். கேட் பரீட்சையின் பழைய வினாத்தாள் தொகுப்பு. இந்தக் கட்டுரை அவங்களைப் பத்தினதுதான்.

நூத்துக்கு முப்பத்தொண்ணா?

கேட் பரீட்சை பிப்ரவரியில் நடக்கும். ரிசல்ட் மார்ச்சில். அந்த மார்ச் மாசத்தில் பேச்சிலர் ரூம்களில் ஒரு மௌனம் வரும். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டாங்க.

திருவண்ணாமலை பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனை இங்கே சந்திச்சோம். மெக்கானிக்கல் இன்ஜினீயர். உதிரி பாகம் செய்யுற ஒரு கம்பெனியில், குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் ஒரு வருஷ அப்ரண்டிஸ். "பேரெல்லாம் வேணாம்ணா, எங்க அம்மா படிப்பாங்க" என்றார். அவர் எடுத்தது 31 மார்க். குவாலிஃபை ஆகிட்டார். ஆனா அவர் மனசுல வெச்சிருந்த ஐ.ஐ.டி. எம்.டெக். சீட்டுக்கு அது பத்தாது.

"போன்ல அப்பாகிட்ட சொன்னேன். 'நூத்துக்கு முப்பத்தொண்ணாப்பா? முப்பத்தஞ்சுதானே பாஸு?'ன்னு கேட்டாரு. என்னன்னு விளக்குறதுண்ணா?"

சிரிப்பு வருது இல்ல? ஆனா பாதிப் பேருக்கு ரிசல்ட் வந்த அன்னைக்கு வர்ற வலி இந்தக் கேள்வியிலதான் இருக்கு. அதனால முதல்ல இந்தக் கணக்கைத் தெளிவாக்கிடுவோம்.

கேட்டில் 65 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம். நம்ம செமஸ்டர் மாதிரி நிலையான பாஸ் மார்க் கிடையாது. அந்த வருஷம், அந்தப் பேப்பரை எழுதினவங்க எப்படி எழுதியிருக்காங்கங்கிறதை வெச்சு குவாலிஃபையிங் மார்க் வரும். அந்த மார்க்கைத் தொட்டா 1000-க்கு 350 ஸ்கோர். டாப்பர்களின் சராசரி மார்க்குக்கு 900 ஸ்கோர். நடுவுல இருக்கிறவங்க அந்த ரெண்டுக்கும் இடையில் அவங்கவங்க இடத்தில் உட்காருவாங்க.

ஒரு உதாரணக் கணக்கு. குவாலிஃபையிங் மார்க் 28, டாப்பர்கள் சராசரி 78-னு வெச்சுக்குங்க. நடுவில் 50 மார்க். அதுக்கு 550 ஸ்கோர். அப்போ ஒவ்வொரு மார்க்குக்கும் 11 ஸ்கோர். 31 எடுத்தவருக்கு 383. 38 எடுத்திருந்தா 460. வெறும் 7 மார்க், ஸ்கோரில் 77. சீட் கிடைக்கிறதும் நழுவுறதும் இந்த மாதிரி இடைவெளியிலதான்.

"அந்த 7 மார்க்கை நானே தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கேன்ணா" என்றார் தம்பி. எப்படி? அதுக்குத்தான் அவர் ரூம்மேட் அண்ணன் கதை வேணும்.

ஷாப் ஃப்ளோர் பாடம்

ரிசல்ட் வந்த வாரம் தம்பி ரெண்டு முடிவு எடுத்திருந்தார். ஒண்ணு, புக் எல்லாத்தையும் பழைய பேப்பர் கடையில் போட்டுட்டு வேலையைப் பார்க்கிறது. அது முடியலேன்னா வேலையை விட்டுட்டு சென்னையில் கோச்சிங் சேர்ந்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறது. நடுவுல எதுவுமே அவர் கண்ணுக்குத் தெரியலை.

அதே ரூமில் தங்கியிருக்கிற அண்ணன் டிப்ளமோ படிச்சவர். ஒரகடம் ரோட்டில் பத்து வருஷத்துக்கு மேல அனுபவம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்த பேச்சை தம்பியே சொன்னார்.

"ஏன்டா தம்பி, லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா என்ன பண்ணுவ?"

"டேக் போட்டுத் தனியா வைப்பேன்ணே."

"உடனே ஸ்க்ராப்ல தூக்கிப் போடுவியா?"

"இல்லண்ணே. எங்க டிஃபெக்ட்னு பார்த்து, சரி பண்ண முடிஞ்சா ரீவொர்க்."

"ரீவொர்க்னா ஸ்டீலை மறுபடி உருக்கி முதல்லேர்ந்து ஆரம்பிப்பியா?"

"இல்லண்ணே... எந்த ஆபரேஷன்ல தப்போ, அங்க மட்டும்."

"அப்புறம் என்ன?"

அவ்வளவுதான். மறுநாள் தம்பி தன்னோட ரெஸ்பான்ஸ் ஷீட்டை டவுன்லோட் பண்ணினார். கேட்டில் இது ஒரு நல்ல வசதி. நீங்க எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் குடுத்தீங்கங்கிறதும், சரியான விடை எதுங்கிறதும் கைக்கு வந்துடும். ரெண்டையும் பக்கத்துல வெச்சு உட்கார்ந்தார்.

சரியா போட்டதுக்கு மட்டும் 38 மார்க் வந்திருந்தது. ஒரு மார்க் கேள்வி 3 தப்பு. ரெண்டு மார்க் கேள்வி 9 தப்பு. நாலு ஆப்ஷன் கேள்வியில் தப்பானா ஒரு மார்க்குக்கு மூணுல ஒரு பங்கு போகும், ரெண்டு மார்க்குக்கு மூணுல ரெண்டு பங்கு போகும். ஆக 1 பிளஸ் 6, மொத்தம் 7 போச்சு. 38 போய் 31.

இன்னொரு கணக்கும் போட்டார். ஜெனரல் ஆப்டிட்யூட் 15 மார்க். மெக்கானிக்கல் உள்பட பெரும்பாலான இன்ஜினீயரிங் பேப்பர்களில் கணக்கு 13 மார்க். இந்த 28-ல் அவர் எடுத்தது 10. மூணு மாசம் ராத்திரி பகலா படிச்ச தெர்மோடைனமிக்ஸ் ஓரளவு கைகொடுத்திருக்கு. தொடாமலே விட்ட இடத்தில்தான் ஓட்டை.

டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ புகழாக்கின ஒரு பழக்கம் இருக்கு. ஒரு பிரச்னைன்னா அஞ்சு தடவை 'ஏன்'னு கேளு. இந்த காரிடாரில் எந்தக் கம்பெனி சுவரிலும் இதை ஒட்டியிருப்பாங்க. தம்பி அதை மார்க் மேல போட்டார். ஏன் தப்பு? குருட்டாம்போக்கில் குத்தினேன். ஏன் குத்தினே? நேரம் இல்லை. ஏன் இல்லை? ஒரே கேள்வியில் 12 நிமிஷம் மாட்டினேன். ஏன் விடலை? இது எனக்குத் தெரிஞ்ச சேப்டராச்சேங்கிற வீம்பு. ஏன் அந்த வீம்பு? வீட்டில் டைமர் வெச்சு முழுப் பேப்பர் ஒண்ணுகூட எழுதிப் பழகலை. கிடைச்சாச்சு ரூட் காஸ்!

குத்தலாமா, வேணாமா?

இதையும் கணக்காவே பார்த்துடலாம். நாலு ஆப்ஷனில் எதுவுமே தெரியாமல் குத்தினா, நாலு தடவையில் ஒண்ணு சரியாகும், மூணு தப்பாகும். ஒரு மார்க் வரும், மூணு மூணுல ஒரு பங்கு போகும். கூட்டிக் கழிச்சா பூஜ்யம். அதிர்ஷ்டம் கெட்டா மைனஸ். ஆனா ரெண்டு ஆப்ஷனை உறுதியா அடிச்சுட்டீங்கன்னா கதையே வேற. ரெண்டு மார்க் கேள்வியில் சராசரியா மூணுல ரெண்டு பங்கு மார்க் லாபம். ஸோ, ரூல் சிம்பிள். ரெண்டை அடிக்க முடிஞ்சா குத்து, இல்லேன்னா நகரு.

அதோட, விடையை நம்பரா டைப் பண்ற கேள்விக்கும், 2021-லிருந்து வர்ற 'ஒண்ணுக்கு மேற்பட்ட சரியான விடை' கேள்விக்கும் நெகட்டிவ் கிடையாது. அதை வெறுமனே விட்டுட்டு வர்றது மகா பாவம்.

ஏ, பி, சி ஷிஃப்ட்டில் ஒரு டைம்டேபிள்

ஹாஸ்டலில் உட்கார்ந்து படிக்கிறவங்களுக்கு 'தினமும் காலை 5 மணி'ன்னு அட்வைஸ் சொல்லலாம். இங்கே வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். நம்ம தம்பியும் பக்கத்து ரூம் பசங்க ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட ஏற்பாடு இது.

பகல் முழுக்க வேலை பார்க்கிற ஏ ஷிஃப்ட் வாரம்: வந்ததும் ஒரு மணி நேரம் தூக்கம். அப்புறம் சாயங்காலம் ரெண்டரை மணி நேரம். அதில் ஆப்டிட்யூடும் கணக்கும் மட்டும்.

மதியம் கிளம்புற பி ஷிஃப்ட் வாரம்: இதுதான் தங்கமான வாரம். காலை முழுக்க மூளை ஃப்ரெஷ். புரியாத பாடம் எல்லாம் இந்த வாரத்துக்கு.

நைட் ஷிஃப்ட் வாரம்: புதுசா எதுவும் படிக்கிறதில்லை. தூக்கம் முதல். எழுந்தா பழைய கேள்வித்தாளில் பத்து கேள்வி, தப்பு நோட்டைப் புரட்டுறது, அவ்வளவுதான்.

வார லீவு நாள்: டைமர் வெச்சு முழு 3 மணி நேரப் பேப்பர். மதியம் அதை அலசுறது. சாயங்காலம் விடுதலை.

கோச்சிங்குக்குக் காசு இல்லையேன்னு கவலை வேண்டாம். ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-ல் ஆரம்பிச்ச என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இலவசம். பழைய வினாத்தாள்களும் இலவசமாவே கிடைக்குது. கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் போய் வர்ற நேரத்தில் ஒரு லெக்சர் முடிஞ்சுடும். "ஹெட்போன் மாட்டினா பாட்டுக் கேக்குறான்னு நினைப்பாங்க. உள்ள ப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஓடும்" என்று கண்ணடிக்கிறார் பக்கத்து ரூம் பையன்.

மலையைச் சுத்தி வந்தா மனசு லேசு

படிச்சுப் படிச்சு தலை சூடானா இந்த ஊரில் ஒரு நல்ல இடம் இருக்கு. ஊருக்குப் பேர் குடுத்த பாடலாத்ரி நரசிம்மர் கோயில். பாடலம்னா சிவப்பு, அத்ரின்னா மலை. பல்லவர் காலத்துக் குடைவரை. சின்னக் குன்றுதான். ஆனா மூலவர் அந்தப் பாறையிலேயே இருக்கிறதால, அவரைப் பிரதட்சணம் பண்ணணும்னா மலையையே சுத்தி வரணும். குறுக்கு வழி கிடையாது! அர்ச்சகர் தீபத்தை உயர்த்தி, நாமத்தைக் கொஞ்சம் விலக்கி நெற்றிக் கண்ணைக் காட்டும்போது, கூட்டத்தில் ஒரு நொடி சத்தமே இருக்காது.

சாமி கும்பிடுறவங்க கும்பிடலாம். கும்பிடாதவங்களும் மலையைச் சுத்தி ஒரு நடை போகலாம். "போனை ரூம்லயே வெச்சுட்டு வருவேன். வாரத்துல அந்த அரை மணி நேரம்தான் யாரும் என்கிட்ட மார்க் கேக்காத நேரம்" என்றார் தம்பி.

பக்கத்திலேயே திருக்கச்சூர். சுந்தரர் பாடின தலம். பசியோடு வந்த சுந்தரருக்காக சிவபெருமானே வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வந்து போட்டார்னு அந்த ஊர்ப் புராணம் சொல்லுது. அதனால சாமிக்கு விருந்திட்ட ஈஸ்வரர்னு பேர். மாசக் கடைசியில் மெஸ் கணக்கு பாக்கி வெச்சிருக்கிற பேச்சிலர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "எங்க மெஸ் அக்காவும் அந்த ஊர் வம்சம்தான்ணா, இன்னிக்கு வரைக்கும் சோறு இல்லைன்னு சொன்னதில்லை!"

நிரந்தரம்னு எது?

'கையில வேலை இருக்கு, எதுக்கு மறுபடி பரீட்சை?' இந்தக் கேள்வியும் நியாயம்தான். அதுக்கு இந்த ரோடே ஒரு பதில் வெச்சிருக்கு.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை ஒரு காலத்தில் இந்தப் பகுதியின் பெருமை. 2014-ல் மூடிட்டாங்க. பக்கத்து மறைமலைநகரில் ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போறதா 2021 செப்டம்பரில் அறிவிச்சது. 2022-ல் லைன் நின்னது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தச் செய்தியைக் கேட்டு உறைஞ்சு போச்சு. ரீவொர்க் பாடம் எடுத்த அண்ணனும் ஒரு ஆலை மூடினதில் வேலை போய், வேற இடத்தில் முதல்லேர்ந்து ஆரம்பிச்சவர்தான். "முப்பது வயசுல புது மெஷினைக் கத்துக்கிட்டேன். இவனுக்கு இருபத்திரெண்டு. என்ன கேடு?" என்கிறார்.

தம்பியோட கணக்கும் அதுதான். அவர் அப்ரண்டிஸ்ஷிப் ஆகஸ்டில் முடியுது. அடுத்த கேட் அப்ளிகேஷன் வழக்கமாகத் திறக்கிறதும் ஆகஸ்ட் கடைசியிலதான். அதுக்குள்ள ஒரு முடிவு வேணும். வீட்டில் தங்கச்சி பிளஸ் டூ. அப்பாகிட்ட ஃபீஸ்னு கேட்க முடியாது. கேட் மூலமா எம்.டெக். சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அவருக்கு அந்த ஸ்கோர் மேல இவ்வளவு வெறி வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ரீவொர்க்குக்கும் ஒரு லிமிட் உண்டு

இதையும் ஷாப் ஃப்ளோரிலதான் கத்துக்கணும். ஒரே பீஸை எத்தனை தடவை வேணும்னாலும் ரீவொர்க் பண்ண விடமாட்டாங்க. ஒரு கட்டத்துக்கு மேல செலவு, பீஸோட விலையைத் தாண்டிடும். பரீட்சையும் அப்படித்தான். கேட்டை எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம்னு விதி சொல்லுது. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். ஜி.ஆர்.ஈ. எழுதுறவங்க மாதிரி 21 நாள் கழிச்சு மறுபடி போய் உட்கார முடியாது. ஒவ்வொரு அட்டெம்ப்டும் ஒரு வயசு.

அதனால மறுபடி எழுதலாமான்னு யோசிக்கிறவங்க மூணு விஷயத்தைப் பாருங்க.

முதல்ல, போன தடவை மார்க் எங்கே போச்சுன்னு பேப்பரில் எழுதிக் காட்ட முடியுதா? முடிஞ்சா எழுதுங்க. 'எப்படியாச்சும் இந்தத் தடவை வந்துடும்'னு மட்டும் தோணினா அது திட்டம் இல்லை, ஆசை.

ரெண்டாவது, பழைய ஸ்கோரைக் குப்பையில் போடாதீங்க. கேட் ஸ்கோர் ரிசல்ட் வந்த நாளிலிருந்து 3 வருஷம் செல்லும். மறுபடி எழுதறதால அது அழிஞ்சு போகாது. என்.ஐ.டி. கவுன்சலிங், தமிழ்நாட்டு எம்.இ. கவுன்சலிங் எல்லாம் அதை வெச்சே விண்ணப்பிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2023-லிருந்து நடத்துற சீட்டா பி.ஜி. தேர்வும் இருக்கு. ஒரே கதவை மட்டும் தட்டிக்கிட்டு நிக்க வேண்டியதில்லை.

மூணாவது, எங்கே நிறுத்தணும்னு இப்பவே ஒரு தேதி குறிச்சு வைங்க. தம்பி குறிச்சிருக்கிற தேதி அக்டோபர் 31. அதுக்குள்ள டைமர் வெச்சு எழுதுற முழுப் பேப்பர்களில் சராசரி 42 வரலேன்னா, இருக்கிற ஸ்கோரில் கிடைக்கிற எம்.இ. சீட்டை அடுத்த கவுன்சலிங்கில் எடுத்துக்கிறதுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டார். அப்பா கேட்ட ஒரே கேள்வி: "அப்ப இதுக்கு பாஸ் மார்க்கு நாப்பத்திரெண்டாப்பா?" "ஆமாம்ப்பா"ன்னு சொல்லி முடிச்சுட்டார். சில விளக்கத்துக்கு இதுவே போதும்!

ரிசல்ட் வந்து வாரக்கணக்கில் தூக்கம் வரலை, யார்கிட்டயும் பேசப் பிடிக்கலைன்னா, தனியா முட்டி மோதாதீங்க. 14416-க்குப் போன் போடுங்க. மனநல ஆலோசனைக்கான இலவச அரசு எண், தமிழிலேயே பேசலாம். மார்க்கைவிட நீங்க முக்கியம் பாஸ்.

இப்போ தம்பி எப்படி இருக்கார்? முதல் முழுப் பேப்பரில் 29. கடைசியா எழுதினதில் 37. நெகட்டிவில் போனது ரொம்பக் கொஞ்சம்தான். ஐ.ஐ.டி. கிடைக்குமான்னு இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. ஆனா ரூம் சுவரில் ஒரு மஞ்சள் டேக் தொங்குது. கம்பெனியில் பீஸுக்குப் போடுற அதே மாதிரி டேக். 'நிலை' என்கிற கட்டத்தில் அண்ணன் கையெழுத்தில் ஒரே வார்த்தை: ரீவொர்க். 'சரிபார்த்தவர்' என்கிற கட்டம் இன்னும் காலியா இருக்கு.

பிப்ரவரியில் அவர் கையெழுத்துப் போடட்டும். நீங்களும்தான். ஆல் தி பெஸ்ட்!